சுதந்திரம் பேசிய அமெரிக்கத் தலைவர்கள் அடிமைகளை வைத்திருந்தது எப்படி?

"எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-ல் அறிவித்தவர்களே அடிமைகளை வைத்திருந்தார்களே, அவர்களுக்கு உறுத்தவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உறுத்தியது. அதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். தப்பு என்று தெரிந்தும் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

விர்ஜீனியாவின் விடுதலைப் போராட்டத் தலைவர் பாட்ரிக் ஹென்றியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு' என்று 1775-ல் முழங்கியவராகப் பெயர் பெற்றவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நானே விலைக்கு வாங்கிய அடிமைகளுக்கு நான் எஜமானன் என்றால் யாராவது நம்புவார்களா என்று கேட்கிறார். அவர்கள் இல்லாமல் வாழ்வது வசதிப்படாது, அதனால் இப்படியே போகிறேன். இதை நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது என்கிறார். இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுமா?

அந்த 1776 சுதந்திர அறிவிப்பை எழுதிய தாமஸ் ஜெபர்சன் இன்னும் சிக்கலானவர். முதல் வரைவில் அடிமை வியாபாரத்துக்காக இங்கிலாந்து மன்னரைக் கடுமையாகச் சாடியிருந்தார்; தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பத்தி நீக்கப்பட்டது. ஜனாதிபதியானபின், வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டத்தில் 1807-ல் கையெழுத்தும் போட்டார். ஆனால் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அவருடைய உடைமையாக இருந்தார்கள். 1820 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில், ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்றார். நம்மூர் புலிவால் கதைதான். அதே வருடம் ஜூனில் மருமகனுக்கு எழுதியது வேறு மாதிரி: இரண்டு வருடத்துக்கு ஒரு குழந்தை பெறும் அடிமைப் பெண், பண்ணையின் சிறந்த ஆண் வேலையாளைவிட லாபம் தருகிறாள். எனக்கு முதல் கடிதத்தைவிட இந்த இரண்டாவது கடிதம்தான் அவரைப் புரியவைக்கிறது. போதாததற்கு, கறுப்பர்கள் அறிவில் தாழ்ந்தவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகத்தையும் புத்தகத்திலேயே எழுதி, மனசாட்சிக்கு ஒரு சாக்கு தேடிக்கொண்டார்.

முதல் ஜனாதிபதி வாஷிங்டன் தன் உயிலில் தனக்குச் சொந்தமான 123 பேரை விடுதலை செய்ய எழுதிவைத்தார். அது உண்மை, அதற்குரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஜனாதிபதியாக பிலடெல்பியாவில் இருந்தபோது நடந்ததையும் சொல்லவேண்டும். அந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் 1780 சட்டப்படி, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். அதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது என்று 1791-ல் தன் செயலாளருக்கு எழுதியவர் வாஷிங்டனேதான். அந்த வீட்டில் இருந்த ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், வாஷிங்டன் மனைவியின் பேத்திக்குத் தன்னைப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796-ல் ஒருநாள் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறி, நியூ ஹாம்ப்ஷயருக்குக் கப்பலேறிவிட்டார். அவரைத் திரும்பப் பிடிக்க வாஷிங்டன் அரசு அதிகாரியையே பயன்படுத்திப் பார்த்தார். நடக்கவில்லை.

சரி, 'அந்தக் காலம் அப்படி' என்ற வாதம்? எனக்கு அது ஒப்பவில்லை. அடிமைகளை விடுவிக்க உரிமையாளருக்கு அனுமதி தரும் சட்டம் விர்ஜீனியாவில் 1782-லேயே வந்துவிட்டது. அங்கே பெரும் பணக்காரப் பண்ணையாராக இருந்த ராபர்ட் கார்ட்டர், 1791-ல் ஏறக்குறைய 500 பேரைப் படிப்படியாக விடுவிக்கப் பத்திரம் எழுதினார். குடும்பமும் அக்கம்பக்கமும் எதிர்த்தும் பின்வாங்கவில்லை. அதே மாநிலம், அதே காலம், அதே வர்க்கம்.

ஜெபர்சனுக்குக் கடன் இருந்தது, அடிமைகள் அடமானத்தில் இருந்தார்கள் என்பார்கள். கழுத்தளவு கடன் இருந்தது உண்மைதான். அந்தக் கடனை யார் அடைத்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். அவர் இறந்தபின், 1827 ஜனவரியில் அவருடைய பண்ணையான மான்டிசெல்லோவில் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். அங்கே அடிமையாக இருந்த கொல்லர் ஜோசப் பாசெட்டுக்கு ஜெபர்சனின் உயிலில் விடுதலை கிடைத்தது. அவர் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. அவர்களைப் பிரித்து வெவ்வேறு ஆட்களுக்கு விற்றார்கள். பிறகு ஜோசப்பும் உறவினர்களும் பல வருடம் பாடுபட்டு, முடிந்தவர்களைப் பணம் கொடுத்து மீட்டார்கள்.