விண்ட்ஷீல்டு மாட்டியும் பின்சீட்டுல தலை ஆடுது, ஏன்?

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு கோவில்பட்டி, மாமனார் வீடு நாகர்கோவில், மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நானும் வீட்டுக்காரியும் பைக்லதான் போவோம், போக ஒரு 130 கிலோமீட்டர் வரும். வண்டி 400 சிசி. நெஞ்சுல காத்து அடிக்குதுன்னு மூணு மாசம் முன்னாடி வெளியில ஒரு பெரிய விண்ட்ஷீல்டு வாங்கி மாட்டுனேன். எனக்கு ரொம்ப சுகமா இருக்கு, ஆனா அவ 75 தாண்டுனாலே ஹெல்மெட் கடகடன்னு ஆடுது, கண்ணு மங்குது, நாங்குநேரி வர்றதுக்குள்ள கழுத்து புடிச்சுக்குதுங்குறா. விண்ட்ஷீல்டு இல்லாதப்ப இப்படி இல்லையாம். காத்தைத் தடுக்கத்தானே மாட்டுனோம், அப்புறம் எப்படிண்ணே அதிகமாகும்? இன்னும் பெருசா ஒண்ணு போடட்டுமா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, இன்னொண்ணு வாங்குறதை மொதல்ல நிறுத்துங்க. உங்க வீட்டுல சொல்றது நூத்துக்கு நூறு சரி, அதை நம்பிட்டு மேல படிங்க.

நீங்க திருநெல்வேலி வழியாத்தானே போறீங்க, ஆத்துல தண்ணி வர்ற நேரம் சுலோச்சன முதலியார் பாலத்துல வண்டியை ஓரமா நிறுத்திட்டு கீழ எட்டிப் பாருங்க. தூணுக்கு முன்னாடி தாமிரபரணி நேரா அமைதியா வருது, தூணைத் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சுழி கிளம்பும். உங்க விண்ட்ஷீல்டுதான் அந்தத் தூண். நீங்க தூணை ஒட்டி நிழல்ல உக்காந்திருக்கீங்க, அவங்க சுழி உடையுற இடத்துல உக்காந்திருக்காங்க. போதாததுக்கு இப்ப வர்ற வண்டில பின்சீட்டு முன்சீட்டை விட உசரமா இருக்கும், அதனால அவங்க தலை உங்க தலைக்கு மேல எட்டி நிக்கும், விண்ட்ஷீல்டு மேல் விளிம்புல இருந்து வர்ற சுழி, உங்க ஹெல்மெட், தோள்பட்டையில இருந்து கிளம்புற சுழி எல்லாம் சேர்ந்து அவங்க முகத்துலதான் வந்து முட்டும்.

நேரா சீரா வர்ற காத்து எவ்வளவு பலமா இருந்தாலும் கழுத்து அதுக்கு எதிரா ஒரே மாதிரி சாஞ்சு பழகிக்கும். சுழிக்காத்து அப்படி இல்ல, இந்தப் பக்கம் ஒரு தள்ளு அந்தப் பக்கம் ஒரு தள்ளு. 80ல போறப்ப ரெண்டு சாண் அகல விண்ட்ஷீல்டுல இருந்து தோராயமா செகண்டுக்கு 10 தடவை சுழி கழண்டு வரும், ஒன்றரை கிலோ ஹெல்மெட்டைத் தலையில வச்சுக்கிட்டு அந்த ஆட்டத்தை ஒரு மணி நேரம் தாங்கினா கழுத்து புடிக்காம என்ன செய்யும்? கண்ணு மங்குறதும் அதே ஆட்டத்தாலதான்.

அதனால முதல் வேலை, நாலு போல்ட்டைக் கழட்டி விண்ட்ஷீல்டை எடுத்துட்டு ஒரு தடவை போய்ட்டு வாங்க. அவங்களுக்கு நல்லா இருக்குன்னா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சு போச்சு.

எங்க அக்காவுக்கும் இதே தொந்தரவு இருந்துச்சு. பச்சைக் கலர் உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி விண்ட்ஷீல்டு மேல் விளிம்புல வரிசையா, என் தோள்பட்டையில ரெண்டு, ஹெல்மெட் உச்சியில ரெண்டுன்னு செல்லோடேப் போட்டு ஒட்டிட்டு, விடிகாலை அஞ்சரைக்கு, காத்து கிளம்பாத நேரத்துல, ஆள் இல்லாத ரோட்டுல 70ல போனோம். அக்கா பின்னாடி இருந்து பார்த்து சொல்லிட்டே வந்தா. ஹெல்மெட் உச்சி நூல் ரெண்டும் பேய் புடிச்ச மாதிரி சுத்துது, தோள்பட்டை நூல் பின்பக்கம் பறக்கும்னு நான் நெனச்சா அது முன்பக்கமா திரும்பி என் கழுத்துல ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா. அதாவது என் முதுகுப் பக்கத்துக் காத்து திரும்ப முன்னாடி ஓடுது! விண்ட்ஷீல்டுக்குப் பின்னாடி காத்தழுத்தம் கம்மியாகி, அந்தக் குறையை நிரப்ப சுத்தி இருக்குற காத்தை உள்ள இழுக்குது, அந்த இழுப்புதான் சுழியை இன்னும் பெருசாக்குது.

அன்னைக்கே லேத்துப் பட்டறையில 15 மில்லிமீட்டர் நீள நைலான் புஷ் (போல்ட்டு நுழையுற குட்டிக் குழாய்) நாலு வெட்டி வாங்கி, நீளமான போல்ட்டு போட்டு, விண்ட்ஷீல்டை வண்டில இருந்து அந்த அளவு முன்னாடி தள்ளி மாட்டுனேன். இப்ப அடியில ஒரு இடுக்கு கிடைச்சு அது வழியா கொஞ்சம் காத்து மேல ஏறி அந்தக் குறையை நிரப்பிருது. மறுநாள் காலையில அதே ரோடு, அதே 70. தோள்பட்டை நூல் பின்பக்கமா படுத்துருச்சு, உச்சி நூல் லேசா துடிக்குது அவ்வளவுதான், அக்கா பேசக்கூட இல்ல, என் முதுகுல ரெண்டு தட்டு தட்டுனா.

உங்க வண்டிக்கும் இந்த இடுக்கைத்தான் நான் மொதல்ல சொல்லுவேன். அதுக்கப்புறமும் ஆடுச்சுன்னா சாய்வை மாத்திப் பாருங்க, பத்து டிகிரி மாத்துனாலே காத்து போய் விழுற இடம் மாறிடும். அதுக்கும் அடங்கலைன்னா உசரத்தைக் குறைங்க, உங்க நெஞ்சுக் காத்தை மட்டும் தடுத்துட்டு தலைக்கு நல்ல காத்தை விட்டுருற குட்டை விண்ட்ஷீல்டு ரெண்டு பேருக்குமே நல்லாருக்கும்ங்குறது என் அனுபவம். பெருசு போட்டு அவங்க தலையையும் மறைக்கணும்னா அது உங்க கண்ணுக்கு நேரா வந்து நிக்கும், மழையில ராத்திரியில அதுவழியா ரோட்டைப் பார்க்கணும், அதோட ஹேண்டில்பார்ல மாட்டுற டைப்னா காத்து அதைப் புடிச்சுத் தள்ளுறது நேரா ஸ்டியரிங்குக்குப் போய் ஹேண்டில் ஆடும். வேணாம். போல்ட்டுக்கு ரப்பர் வாசர் கட்டாயம் போடுங்க, முறுக்கி இறுக்குனா பிளாஸ்டிக் விண்டுரும். பெட்ரோல் தொட்டுத் துடைக்கவே துடைக்காதீங்க, சோப்புத் தண்ணி போதும்.

அப்புறம் உக்காருற விதம். ரெண்டு பேருக்கும் நடுவுல பையை வைக்குற பழக்கம் இருந்தா விட்டுருங்க, அந்த இடைவெளியிலதான் காத்து சுத்தும். அவங்க உங்களை ஒட்டி உக்காரட்டும், பின்னாடி ஒரு பேக்ரெஸ்ட் இருந்தா காத்துக்கு எதிரா முதுகை இறுக்கிப் புடிக்க வேண்டியதில்ல. லாரி, பஸ் பின்னாடி ஒட்டிப் போகாதீங்க, அது கிளப்புற சுழி உங்க விண்ட்ஷீல்டு சுழியை விடப் பல மடங்கு பெருசு, தாண்டுறதுன்னா பக்கவாட்டுல நல்லா இடம் விட்டுத் தாண்டுங்க.

வேகத்தையும் சொல்லிடுறேன். காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 60ல இருக்குறதை விட 80ல கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. நாலு வழிச் சாலையில டூவீலருக்கு மத்திய அரசு 2018ல வச்ச உச்ச வரம்பே 80தான், அதுல ஒரு பத்து குறைச்சுப் பாருங்க, உங்களுக்குப் பத்து பதினஞ்சு நிமிஷம் கூடும், அவங்களுக்கு நாகர்கோவில்ல இறங்குறப்ப கழுத்து திரும்பும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் கதை வேற, மலை இடுக்கு வழியா வர்ற காத்து அது, அத்தனை காத்தாடி அங்க நட்டு வச்சிருக்குறதே அதுக்காகத்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பகுதியில 60க்கு மேல வேணாம், பக்கவாட்டுக் காத்துக்கு எதிரா அவங்க தனியா சாயக்கூடாது, உங்க முதுகோட சேர்ந்தே இருக்கணும்னு கிளம்புறப்பவே சொல்லிருங்க.

கேள்வி: சார், நான் எங்க வீட்டுக்காரர் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்துதான் போவேன், புடவை. முகம் திறந்த ஹெல்மெட். உடுமலை ரோட்டுல ஆடி மாசக் காத்துக்கு ஹெல்மெட் பின்னாடி தூக்கிக்கிட்டு போய் வாரு தொண்டையை இறுக்குது. வாரை லூசாக்கிட்டா சரியாகுமா?
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: அம்மா, தயவு செஞ்சு லூசாக்காதீங்க, லூசா இருந்தா விழுறப்ப ஹெல்மெட் கழண்டு போயிரும். தூக்குதுன்னாலே அது உங்க தலைக்குப் பெருசு. வாரைப் போட்டுட்டு பின்பக்க விளிம்பைப் புடிச்சு முன்னாடி தள்ளிப் பாருங்க, கழண்டு வந்தா அது உங்களுக்கான சைஸ் இல்ல. கன்னத்தை லேசா அழுத்துற அளவுல, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட முழு முகம் மூடுற ஹெல்மெட்டா வாங்குங்க, நெத்திக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குற பீக் உள்ளது வேணவே வேணாம், காத்து அதைத்தான் மொதல்ல புடிச்சுத் தூக்கும்.

ஒரு பக்கமா உக்காந்தா உங்க உடம்பு முழுசும் வண்டிக்கு ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குது, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உங்களைத் தள்ளுறது அப்படியே வண்டியையும் தள்ளும். நீண்ட தூரம் போற அன்னைக்காவது சுடிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்க, துப்பட்டாவை இடுப்புல இழுத்துக் கட்டி முனை வெளிய தொங்காம சொருகிருங்க, அது செயின்ல, சக்கரத்துல மாட்டுனா காத்தைவிட மோசம். உங்க வீட்டுக்காரர் நம்பலைன்னா ஒரு நாள், வேற யாராவது ஓட்ட, அவரைப் பின்னாடி உக்கார வச்சு பத்து கிலோமீட்டர் கூட்டிட்டுப் போங்க, அதைவிட நல்லா என்னால எழுதிப் புரிய வைக்க முடியாது.

கேள்வி: லாங் ரைடு முடிஞ்சு ராத்திரி படுத்தா காதுல ஙொய்னு சத்தம். பஞ்சு வச்சுக்கலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பஞ்சு பத்தாது, மெடிக்கல்ல கிடைக்குற ஃபோம் இயர்பிளக்கை உருட்டி சின்னதாக்கி காதுக்குள்ள வச்சு, அது உப்புற வரைக்கும் விரலால புடிச்சுக்கங்க. நெடுஞ்சாலை வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுறது சாதாரணம், 100 டெசிபல்னா ஒரு நாளைக்கு 15 நிமிஷத்துக்கு மேல கேக்கக்கூடாதுன்னு அமெரிக்காவோட நையாஷ் (NIOSH), அதாவது வேலை செய்யுற இடத்துப் பாதுகாப்பை ஆராயுற அரசு அமைப்பு, வரம்பு வச்சிருக்கு. பிளக் வச்சாலும் ஹாரன் கேக்கும், காத்து இரைச்சல் அடங்குறதால சொல்லப்போனா தெளிவாவே கேக்கும். பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கிருங்க. ஙொய் சத்தம் ரெண்டு நாள் தாண்டியும் நிக்கலைன்னா காது டாக்டரைப் பார்த்துருங்க.