பி.காம் முடித்தவர்களுக்கு ஆபீஸ் வேலை தெரியவில்லை என்கிறார்களே, கம்பெனிகளுக்கு ஏற்றபடி பாடத்திட்டத்தை மாற்றினால் சரியாகுமா?

இன்டர்வியூவில் யாரோ இப்படிச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மனசை விட்டுவிடாதீர்கள்.

நான் 2017ல் பி.காம் முடித்தேன். வாட், கலால் வரி எல்லாம் மனப்பாடம் செய்து ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். ஜூலை 1ஆம் தேதி அவற்றுக்குப் பதிலாக ஜிஎஸ்டி வந்துவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சீனியர் அண்ணனுக்கும் அது புதுசுதான், இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். அதனால், இன்றைய சட்டத்தைப் பாடத்தில் சேர்த்தால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இப்போது வேறு கம்பெனியில் புதியவர்களுக்கு நானே வேலை சொல்லித் தருகிறேன். போன வருடம் ஒரு தம்பி சேர்ந்தான். முதல் வகுப்பு, டேலி சர்டிபிகேட்டும் உண்டு. மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் 2பி-யை, அதாவது எங்களுக்கு விற்றவர்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியலை, எங்கள் பர்ச்சேஸோடு ஒப்பிடச் சொன்னேன். நாலு லட்ச ரூபாய் நூல் பில் ஒன்று அதில் இல்லை. வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் குறைத்துக்கொள்வதைத்தான் கிரெடிட் என்போம். அந்த பில்லுக்கான 5 சதவீதம், 20,000 ரூபாய் கிரெடிட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு எக்ஸெல்லை அழகாக முடித்து வைத்திருந்தான். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. மில்லுக்கு ஒரு போன் போடத்தான் தோன்றவில்லை. நான் பேசினேன். பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் சரிதான், ரிட்டர்னில் வேறு பார்ட்டியின் எண்ணில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் திருத்தினார்கள், கிரெடிட் வந்தது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கணக்கு பரீட்சையில் வந்தால், வித்தியாசத்துக்குக் காரணம் கேள்வியிலேயே இருக்கும். இங்கே அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் வேலை. கல்லூரியில் மை மங்கிய பில் கட்டு ஒன்றைக் கொடுத்து, ஒரு மாதக் கணக்கை முடிக்கச் சொல்லட்டும். அந்த ஒரு மாற்றம் போதும் எனக்கு.

பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். டெபிட், கிரெடிட் புரிய வைத்தது கல்லூரிதான். அது இல்லையென்றால் ஜிஎஸ்டியை நான் பிடித்திருக்கவே முடியாது. எனக்குக் கோபமெல்லாம் முதலாளிகள் மேல்தான். பசங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள், கற்றுக்கொடுக்க ஒரு மாதம் தருவதில்லை. என் முதல் கம்பெனியில் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டு ஏழு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள். அதற்குள் கோவையில் கிடைத்த நல்ல வேலை கைநழுவிப் போனது. இன்னும் ஆறவில்லை. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினலைக் காட்டிவிட்டு, ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள்.