மச்சானுக்கு இன்னொரு கார்டு, உங்களுக்கு இன்னொரு டாப்-அப்பா?

கேள்வி: வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை கேம் சர்வராக ஓட்டுகிறேன். என் மைத்துனர் தன் வீட்டிலிருந்தே, கேம் காட்சியை இணையம் வழியாக அனுப்பும் சன்ஷைன், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் என்ற மென்பொருள்கள் வழியாக அதில் விளையாடுகிறார். இரண்டு மாதச் சம்பள அளவுக்கு, 12 சதவீத பிளாட் வட்டியில் 24 மாதக் கடன் வாங்கி ஆரம்பித்தேன். 8 தவணை முடிந்ததும், கிராபிக்ஸ் கார்டுக்காக ஒரு மாதச் சம்பள அளவுக்கு டாப்-அப் (பழைய பாக்கியோடு சேர்த்து மறுபடி 24 மாதத்துக்குப் போடும் கூடுதல் கடன்) வாங்கினேன். அதில் 7 தவணை கட்டியாயிற்று. இப்போது அவரும் மகனும் ஒரே நேரத்தில் ஆட இன்னொரு கார்டு வேண்டுமாம். "சும்மா கிடக்கும் நேரத்தில் கார்டை இணையம் வழியாக மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டால் தவணையை அதுவே கட்டிவிடும்" என்கிறார். மறுபடி டாப்-அப் வாங்கலாமா? வீட்டு இணையத்தின் அப்லோடு (வெளியே அனுப்பும்) வேகம் 30 எம்பிபிஎஸ். கவலையில் தூக்கம் வரவில்லை.

பதில்: வாங்காதீர்கள். சர்வர் விஷயத்தில் நீங்கள் என்னைவிட விவரமானவர். உங்களைக் கெடுப்பது டாப்-அப் பழக்கம்.

உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடுவோம். முதல் கடன் 200. பிளாட் வட்டி என்றால் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுவது, அசல் குறைந்தாலும் தவணை குறையாது; நிஜ வட்டி ஏறக்குறைய 22 சதவீதம். 8 தவணையில் 83 கட்டினீர்கள், அசலில் கழிந்தது 57தான். மொத்த வட்டியான 48இல் பாதிக்கு மேல் முதல் எட்டு மாதத்திலேயே போய்விட்டது. வட்டி இளைத்து அசல் வேகமாகக் கரையப்போகிற நேரம் பார்த்து, மிச்சம் 143ஐயும் புது 100ஐயும் சேர்த்து மறுபடி முதல் தவணையிலிருந்து தொடங்கினீர்கள். இதுவரை கட்டியது 170. இன்னும் பாக்கி 182 சொச்சம். மூன்றாவது முறையும் வாங்கினால் 282க்கு மறுபடி 24 மாதம். முதல் கடனை அப்படியே விட்டிருந்தால் இன்னும் 9 மாதத்தில் தீர்ந்திருக்கும்! (ஒவ்வொரு டாப்-அப்புக்கும் பிடிக்கும் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை.)

மச்சான் கேட்கும் கார்டு உங்கள் இணைப்பில் எடுபடாது என்பது இன்னும் வேடிக்கை. படத் தெளிவு 1080, நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் மூன்லைட் தானாகவே வைப்பது 20 எம்பிபிஎஸ். இரண்டு பேருக்கு 40. உங்களிடம் இருப்பது 30. 720க்கு இறக்கினால் ஆளுக்கு 10 போதும், இருவரும் ஆடலாம். ஆனால் 720இல் ஆட ஒரு மாதச் சம்பளத்தில் கார்டு எதற்கு?

வாடகைக் கதைக்கு வருகிறேன். கார்டு தன் விலையைத் தானே சம்பாதிக்கும் என்று முன்பு ஈத்தரியம் மைனிங்கிலும் (கார்டைக் கணக்குப் போட வைத்து ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) சொன்னார்கள். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் மைனிங்கே தேவைப்படாத முறைக்கு மாறியது. கார்டுகளுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று, கடனில் வாங்கியவர்களுக்குத் தவணை மட்டும் நின்றது. வாடகை வந்தால் வரட்டும், அதை நம்பித் தவணை ஒப்புக்கொள்ளாதீர்கள். அதுவும் மச்சான் ஆடும் அதே நேரத்தில் வாடகைக்காரரும் கேட்கலாம்.

மச்சானிடம் "என்னிடம் பணமில்லை" என்று முகத்தை முறிக்க வேண்டாம். "கார்டை உங்கள் பேரில் நீங்களே வாங்கி அனுப்புங்கள் மச்சான், நான் மாட்டித் தருகிறேன், அப்லோடு வேகத்தைக் கூட்டும் செலவும் உங்களுடையது" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். வீட்டுக்காரியிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் தம்பியான மச்சான் வாயால் தெரியவந்தால் கதை வேறு மாதிரி ஆகும்.

மச்சான் எப்போது ஆட வருவாரோ என்று இயந்திரத்தை 24 மணி நேரமும் ஓட்டுகிறீர்களா? சும்மா இருக்கையில் 70 வாட் இழுத்தாலும் மாதம் 50 யூனிட். வேக்-ஆன்-லானை (தூங்கும் கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி) அமைத்து, இயந்திரத்தைத் தூங்க விடுங்கள்.

மீதமுள்ள 17 தவணையும் இப்போதுள்ள 12.5 வீதமே போகட்டும். கடனை முன்கூட்டி அடைத்தால் வட்டியில் எவ்வளவு தள்ளுபடி, அபராதம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளாட் வட்டிக் கடன் சிலவற்றில் அடைத்தாலும் பெரிய லாபம் இருக்காது. அப்படியானால் கையில் மிஞ்சுவதைத் தனியே சேர்த்து வையுங்கள், அடுத்த கார்டு அதிலிருந்து வரட்டும்.