எழுத்துகளை இடம் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் சொற்களை (அனகிராம்) ஒன்றுசேர்க்கும் உங்கள் நிரலில் சீட் (seat), ஸ்டேட் (state) இரண்டும் ஒரே குழுவில் விழுவது ஏன்?

கோளாறு உங்கள் சொல்பட்டியலில் இல்லை. பைத்தானில் 'ஃப்ரோசன்செட்'டை (frozenset, மாற்ற முடியாத செட், அதாவது தொகுப்பு) ஒவ்வொரு குழுவுக்கும் சாவியாக வைத்ததில்தான். அதற்குப் பதிலாக, சொல்லின் எழுத்துகளை வரிசைப்படுத்தும் 'சார்ட்டட்' (sorted) போடுங்கள். அது தருவது லிஸ்ட் என்பதால், அப்படியே சாவியாகாது; எழுத்துகளை ஒட்டும் 'ஜாயின்' (join) செய்து ஒரே சரமாக்கினால், குழுக்களைச் சாவியோடு வைத்திருக்கும் டிக்‌ஷனரி ஏற்கும்.

செட் எதுவானாலும் ஒரே எழுத்தை இரண்டு முறை வைத்துக்கொள்ளாது. ஸ்டேட், டேஸ்ட் (taste) இரண்டிலும் 'டி' (t) இரண்டு தடவை வருகிறது. ஒன்று கழன்றால் மிஞ்சுவது ஏ, இ, எஸ், டி. சீட், ஈஸ்ட் (east) சொற்களுக்கும் அதேதான். நான்கும் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மாற்றியதும் சாவிகளை அச்சிட்டுப் பாருங்கள். சீட்டுக்கு 4 எழுத்து, ஸ்டேட்டுக்கு 5 வர வேண்டும்.

அப்புறம், ஈஸ்ட் பெரிய எழுத்தில் தொடங்கினால் சீட்டோடு சேராது. முதலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் 'லோயர்' (lower) போட்டுவிடுங்கள். கோப்பிலிருந்து படித்தால், ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒட்டிவரும் வரிமுடிவுக் குறியை நீக்கும் 'ஸ்ட்ரிப்'பும் (strip) வேண்டும். வரிமுடிவுக் குறி இல்லாத கடைசிச் சொல் மட்டும் தனியே நின்றதில் நான் ஒரு மாலையையே தொலைத்திருக்கிறேன்.