பத்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு குறிப்புகள்

அன்புள்ள ஐயா,

நவம்பர் 26, அரசியலமைப்பு நாளன்று எங்கள் அலுவலகத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மேடை. பன்னிரண்டு குறிப்புகள் எடுத்திருக்கிறேன். எந்த வரிசையில் வைப்பது? குறளில் தொடங்கலாமா? சீட்டைப் பார்த்துப் பேசினால் கேலி செய்வார்களா?

ர.

அன்புள்ள ர.,

சீட்டைப் பார்த்தே பேசுங்கள். குறள் வேண்டாம், உங்களுக்கு முன்னால் பேசுபவர் சொல்லிவிடுவார்.

பன்னிரண்டா! கூட்டம் என்ன பாவம் செய்தது? பயத்தில் எல்லாவற்றையும் அள்ளி வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஐந்தாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் கையில் இருப்பது மளிகைப் பட்டியல்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதைத்தான் இப்போது மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். தொடக்கம் வெறும் கணக்கு. அரசியலமைப்பை எழுதி முடிக்கச் சபை எடுத்துக்கொண்டது 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635, அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. இவ்வளவு தாமதமா என்று கேட்டவர்களுக்கு அது பதில். அப்புறம் நன்றி, எதிர்ப்புகளுக்கு மறுப்பு. இத்தோடு முடித்திருக்கலாம், ஆனால் நாட்டின் எதிர்காலம் மனதை நிறைத்திருக்கிறது என்கிறார். பிறகுதான் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, இரத்தம் சிந்தும் வழியோடு சத்தியாகிரகத்தையும் கைவிட வேண்டும். சத்தியாகிரகம் செய்து சிறை போனவர்கள் நிறைந்த சபையில் இதைச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்! இரண்டாவது, அரசியலில் தலைவர்மேல் வைக்கும் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி. மூன்றாவது, அரசியல் ஜனநாயகம் மட்டும் போதாது, சமூக ஜனநாயகம் வேண்டும். முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மூன்றாவதில்தான் ஊன்றி நிற்கிறார். 1950 ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு இருக்கும் என்கிறார். சாதியை வைத்துக்கொண்டு எப்படி ஒரு தேசமாவோம் என்கிறார்.

வரிசையைக் கவனியுங்கள் ர. போராடும் முறை, தலைவர், கடைசியில் நம் வீடு. முதல் இரண்டையும் கேட்பவர் வேறு யாரையோ நினைத்துத் தலையாட்டிவிடலாம். மூன்றாவதில் அவரே மாட்டிக்கொள்கிறார். அதையே முதலில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அப்போதே காதை மூடியிருப்பார்கள்.

உங்கள் சீட்டில் அப்படிக் கேட்பவரைத் தொடும் குறிப்பு எது? ஒன்றாவது இருக்கும். அதைக் கடைசியில் வையுங்கள், பாதி நேரத்தை அதற்கே கொடுங்கள். அதற்கு வழிவிடாத மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். மேலதிகாரி முகம் சுளித்தார் என்று பதறி, முகவுரையை வாசித்துவிட்டு இறங்கி வராதீர்கள்.