பட்டறைக் கேள்வி-பதில்: கிலோ என்ன விலை?

கேள்வி: ஐயா, விசைத்தறிக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பேரிங் ஹவுசிங்குக்கு (பேரிங் உட்காரும் கூடு) இரண்டு ஃபவுண்டரிகளில், அதாவது வார்ப்பாலைகளில், விலை கேட்டேன். ஒருவர் கிலோ 92 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 104. இரண்டும் எஃப்.ஜி. 260 என்ற தரத்துக் கிரே அயர்ன்தான் (சாம்பல் வார்ப்பிரும்பு). மாதம் 40 பீஸ் வேண்டும். மலிவாகச் சொன்னவரிடமே கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: கிலோ விலை கேட்டீர்கள், சரி. பீஸ் எத்தனை கிலோ வரும் என்று கேட்டீர்களா? நீங்கள் அனுப்பிய கொட்டேஷன்களிலேயே அது இருக்கிறது. 92 ரூபாய்க்காரர் 13.5 கிலோ போட்டிருக்கிறார், 104 ரூபாய்க்காரர் 12 கிலோ. பெருக்குங்கள்: 1,242 ரூபாய், 1,248 ரூபாய். வித்தியாசம் ஒரு டீக்குக்கூடக் காணாது.

அந்த ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது? முதலாமவர் மெஷினிங்குக்கு 5 மி.மீ. விட்டிருக்கிறார், மற்றவர் 3 மி.மீ. கூடுதல் இரும்பைக் காசு கொடுத்து வாங்கி, லேத்தில் கூலி கொடுத்துக் கடைந்து, தூளைப் பழைய இரும்பு விலைக்குப் போடப்போவது நீங்கள்தான். நான் 104-க்குத்தான் போவேன். அதற்கு முன் அவருடைய பழைய காஸ்டிங் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். 3 மி.மீ. விட்டால் போதும் என்பவரின் மோல்டு (உலோகம் ஊற்றும் மண் அச்சு) நகராமல் நிற்க வேண்டும். மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோட்டில் படி விழுந்திருந்தால் அந்த 3 மி.மீ. பேப்பரில் மட்டும்தான்.

பேட்டர்ன் (மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி) செலவு யாருடையது, பேட்டர்ன் யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாதாமாதம் ஓடப்போகிற வேலைக்கு மரம் வேண்டாம். ஈரத்தில் ஊதும், மூலை மழுங்கும். அலுமினியத்தில் செய்யுங்கள். பின்னால் இதே பேட்டர்னில் ஸ்டீல் ஊற்றலாம் என்ற நினைப்பும் வேண்டாம். கிரே அயர்ன் ஆறும்போது நீளத்தில் சுமார் 1 சதவீதம் சுருங்கும், ஸ்டீல் சுமார் 2 சதவீதம். பீஸ் சிறுத்துப்போகும்.

டிராயிங்கில் பக்கவாட்டில் 10 மி.மீ. கிரீஸ் ஓட்டை காட்டி, அதையும் காஸ்டிங்கிலேயே கேட்டிருக்கிறீர்கள். அதற்கென்று ஒரு கோர் (ஓட்டை விழ வேண்டிய இடத்தில் வைக்கும் மண் துண்டு) செய்ய வேண்டும், வைக்க வேண்டும், ஊற்றிய பிறகு மண்ணை நோண்டி எடுக்க வேண்டும். டிரில் போட்டால் நிமிட வேலை.

கேள்வி: எங்கள் பிராக்கெட்டில் பாஸ் (தடித்துப் புடைத்து நிற்கும் பகுதி) இருக்கும் இடத்தில் உள்ளே ஓட்டை விழுகிறது. பலத்துக்காக பாஸைப் பெரிதாக்கினேன், இன்னும் மோசம். எஸ்.ஜி. அயர்னுக்கு (அடி தாங்கும் வார்ப்பிரும்பு வகை) மாறினால் சரியாகுமா?
- ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: முதலில் ஒரு பீஸை அறுத்துப் பாருங்கள். ஓட்டையின் உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் அது காற்று: மண்ணில் ஈரம், அல்லது வென்ட் (காற்று வெளியேறும் துளை) போதவில்லை. சொரசொரவென்று தாறுமாறாக இருந்தால் சுருக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

தடிமன் இரண்டு மடங்கானால் உறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். குவோரினோவ் என்ற பொறியாளர் 1940-இல் சொன்ன விதியின் சாரம் இது. சுற்றியுள்ள 12 மி.மீ. சுவர் இறுகிய பிறகும் உங்கள் பாஸ் குழம்பாகவே நிற்கிறது. அது சுருங்கும்போது உலோகம் வர வழி அடைபட்டிருக்கும், நடுவில் ஓட்டை விழும். பாஸைக் குறைத்து ரிப் (தாங்கிப் பிடிக்கும் மெல்லிய விலா) கொடுங்கள், சேருமிடத்தில் கூர்மூலை இல்லாமல் வளைவாக ரேடியஸ் போடுங்கள். குறைக்கவே முடியாதென்றால் பாஸ் மேலேயே ரைசர் (சுருங்கும்போது உலோகம் ஊட்டும் கூடுதல் தொட்டி) வைக்கச் சொல்லுங்கள்.

எஸ்.ஜி. இதற்கு மருந்தல்ல, அதற்குத்தான் ரைசர் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். விலையும் கூடும். அடி வாங்கும் பாகமென்றால் மாறுங்கள், வெறும் தாங்கலுக்கு கிரே அயர்ன் போதும். அதிர்வையும் அதுதான் நன்றாக உள்வாங்கும்.

கேள்வி: வார்ப்பு தோசைக்கல் விரிசல் விட்டுவிட்டது. வெல்டிங் வைக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினீர்களா? வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. நிக்கல் ராடு போட்டு, கல்லையும் சூடேற்றி வெல்டு வைக்க முடியும். ஆனால் அந்தச் செலவுக்குப் புதுக் கல்லே வாங்கிவிடலாம், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விடவும் செய்யும். எடைக்குப் போட்டுவிடுங்கள். புதுக் கல் வாங்கும்போது தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வர வேண்டும். ‘டொக்’ என்றால் அடுத்த கல்லை எடுக்கச் சொல்லுங்கள்.