சென்னையிலிருந்து டர்பன்: வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை கிடைத்துக் கிளம்பப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னைக்கும் டர்பனுக்கும் 7,100 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் எட்டு மணி நேரம். டிக்கெட்டில் ஏன் 17, 18 மணி நேரம் வருகிறது? கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்?"

தம்பி, உங்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் 7,100 என்பது இந்துமாக்கடல் மேல் நேர்கோடு போட்டால் வருவது. அந்தக் கோட்டில் நேரடி விமானம் கிடையாது. துபாய் வழி என்றால் சென்னை–துபாய் 2,900 சொச்சம், அங்கிருந்து டர்பன் 6,600 சொச்சம், ஆக 9,500. பறப்பதற்கே பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். மீதி காத்திருப்பு. இந்திய நேரத்துக்கு டர்பனில் நாங்கள் மூன்றரை மணி பின்னால் இருப்பதால், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்தாலும் குழப்பம்தான்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வீட்டு வாசலிலிருந்து எண்ண வேண்டும். நான் இருப்பது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில். கிங் ஷாக்கா விமான நிலையம் ஊருக்கு வடக்கே லா மெர்சியில், போக முக்கால் மணி. மூன்று மணி நேரம் முன்னாடியே இருக்க வேண்டும். துபாயில் மூன்று மணி. சென்னையில் இமிக்ரேஷன், பெட்டி, அப்புறம் கும்பகோணத்துக்குக் கார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 27, 28 மணி நேரம். அதுவும் அன்றைக்கே சீட் கிடைத்தால்.

அப்பா தவறியபோது எனக்கு அப்படி நடக்கவில்லை. அவசரத்தில் ஜோகன்னஸ்பர்க் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்குத் தனியாக ஒன்று எடுத்தேன். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே என்று நினைத்தேன். முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவது போய்விட்டது. இரண்டும் வேறு வேறு டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. அடுத்தது மறுநாள். அண்ணன் கொள்ளிச்சட்டியோடு நடந்ததை விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து போன் திரையில் பார்த்தேன். தங்கை கை நடுங்கியதில் படம் ஆடிக்கொண்டே இருந்தது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: நூறு டாலர் கூடப் போனாலும் கடைசி வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். வழியில் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இங்கே வரும்போது ஜோகன்னஸ்பர்க் வழி என்றால், நாட்டுக்குள் நுழையும் முத்திரை அங்கேதான். பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி போதாது, நான்கு மணி நேரமாவது வையுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியில் மலிவாகக் கிடைத்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கக்கூடும். முதல் முறை போட்டால் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும்.

இங்கே எங்கள் தெருவில் நாலைந்து தலைமுறையாக இருப்பவர்கள் அதிகம். அவர்களுடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்காக 1860 அக்டோபரில் சென்னையில் 'ட்ரூரோ' கப்பல் ஏறிய காலத்தில், நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஊரில் யார் இருக்கிறார், யார் போனார் என்று தெரியாமலே வாழ்ந்தவர்கள். நமக்கு 28 மணி நேரம்.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் போன் எண்ணையும், அவருக்கு உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். டிக்கெட் எடுக்கும் முன் வழியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.